நாற்பத்தெட்டு மணி நேரமும் நான்கு நிமிடமும்

கொழும்பில் ரயில் சத்தம் கேட்டால் என் தலை தானாக மேற்கே திரும்பும். வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால் இருப்பது கடல்தான். குரோம்பேட்டைக்கு வந்த பிறகும், மின்சார ரயில் போகும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஜி.எஸ்.டி. சாலை இருந்தது. நெருக்கியடித்து நிற்கும் பஸ்கள், புடவைக் கடைப் பலகைகள், வெயிலில் நெளியும் காற்று. அந்த நெளிவைக் கொஞ்ச நேரம் பார்த்தால் கடல் போலத்தான் இருக்கும்.

கொழும்பில் விளம்பரப் படங்களுக்கு ஒலி சேர்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. புதிய கருவி ஒன்றைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி பத்து நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். பயிற்சி வெள்ளிக்கிழமை மதியத்தோடு முடிந்தது. விமானம் திங்கள் காலை. நடுவில் செய்ய வேண்டியவை என்று நோட்டில் நான்கு எழுதியிருந்தேன்: அம்மாவுக்குச் சேலை, தம்பிக்கு ஹெட்போன், மெரீனா, பர்வீன். கடைசிப் பெயர் மற்ற மூன்றையும் விழுங்கிவிட்டது.

பர்வீனை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததில்லை. வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் இணைய மன்றம் ஒன்றில் அறிமுகம். "ரெண்டர் பாதியில் நின்றுவிட்டது, யாராவது உதவுங்கள்" என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். வெட்டி ஒட்டிய துண்டுகளை எல்லாம் கணினி ஒரே படமாகச் சமைத்து முடிப்பதற்குப் பெயர் ரெண்டர். என் பதிலில் அடுப்பு பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து இரண்டு வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை அவளைத் தாம்பரத்தில் சந்தித்தேன். ஒரு பள்ளிக்கூட அரங்கத்தின் வாசலில், நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு நின்றாள். கறுப்புப் பர்தா, பெரிய கைக்கடிகாரம், என்னைவிட ஒரு சாண் உயரம். அரங்கத்துக்குள் நாற்பத்தெட்டு மணி நேரக் குறும்படப் போட்டி தொடங்கிக்கொண்டிருந்தது. தொழில்முறைக் கலைஞர்கள், கல்லூரிப் பையன்கள், ஒரு வங்கியின் ஊழியர்கள் என்று பல குழுக்கள். ஆறு மணிக்குச் சீட்டு எடுப்பார்கள். ஞாயிறு ஆறு மணிக்குள் ஐந்து நிமிடப் படத்தை டேப்பில் பதிந்து அதே மேசையில் வைக்க வேண்டும்.

"போன வருஷம் பதினோரு நிமிஷம் லேட்டு," என்றாள் பர்வீன், வணக்கம் சொல்வதற்கும் முன்னால். "அதுக்கு முந்தின வருஷம் முடிக்கவே இல்ல. இதுதான் கடைசி."

ஏன் கடைசி என்று அவளுடைய அண்ணன் சொன்னார். இக்பால் அண்ணன் குரோம்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். படம் பிடிப்பது அவர், எடிட் செய்வது தங்கை. கணினி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பர்வீன் தன் சொந்தப் படங்களுக்கு எடுத்துக்கொள்வாள்.

"ஞாயித்துக்கிழமைதாம்மா முகூர்த்தம் ஜாஸ்தி. காலைல கல்யாணம், சாயந்திரமே கிளிப்பு கொடுன்னு கேக்கறான். இவ மிஷினைப் புடிச்சிக்கினு உக்காந்தா எனக்குப் பேஜாரு," என்றார். "இந்த வாட்டி டயத்துக்குக் குடுத்தா ஞாயித்துக்கிழமை அவளுக்கு. இல்லன்னா இனிமே கல்யாணத்துக்கு மட்டும்தான். பேசி முடிச்சாச்சு."

பர்வீன் மறுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டில் எங்களுக்கு வந்தது பேய்க்கதை. எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரு பொருளும் ஒரு வசனமும் கொடுத்தார்கள். பொருள், குடை. வசனம், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க." ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்று மேடையில் இருந்தவர் இரண்டு முறை சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது பர்வீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்: "பேய்க்கும் கால் வலிக்கும்தானே?"

கதை அவ்வளவுதான். ஒரு பெண் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள். பேய் வருகிறது. அதற்கு உட்கார இடம் வேண்டும்.

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும் இல்லாவிட்டால் கோபம் வரும். இங்கே அந்தப் பாயாவை ஒரு வாய் வைத்ததும் நான் ஊரை மறந்தேன். பர்வீனின் அம்மா நிறுத்தாமல் வைத்துக்கொண்டே இருந்தார். "காணும் அம்மா, காணும்," என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "என்னம்மா காணோம்? கம்மலா?"

போதும் என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல் அது என்று விளக்குவதற்குள் இன்னும் இரண்டு இடியாப்பம் விழுந்துவிட்டது. சென்னையில் பேசக் கூடாத சொற்கள் என்று நான் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். அதில் 'காணும்' சேர்ந்தது. ஏற்கெனவே 'கதைக்கிறது', 'விளங்குது' இரண்டும் இருந்தன. பயிற்சி வகுப்பில் புரிகிறது என்பதற்கு "விளங்குது" என்றபோது பின்வரிசையே சிரித்திருந்தது.

பேயாக நடிக்க வந்தவர் கோவிலம்பாக்கத்து சரோஜா அக்கா. கல்யாணங்களுக்கு அண்டாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். ஒரு காலத்தில் நெல் விளைந்த அவர்கள் நிலத்தில் இப்போது வரிசையாக வீடுகள். மிச்சம் இருக்கும் ஒரு கொட்டகையில் அண்டாக்கள். எடிட் செய்யும்போது பர்வீன் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். கல்யாண வீடியோவில் எல்லாரும் கேமராவைப் பார்த்ததும் சிரிப்பார்கள், முடியைச் சரிசெய்வார்கள், இல்லாவிட்டால் முறைப்பார்கள். கேமராவே இல்லாதது போல நடந்து போகிற ஒரே ஆள் இந்த அக்கா.

"நான் எதுக்குக் கேமராவைப் பாக்கணும்? அண்டா எங்க போவுதுன்னு பாக்கவே கண்ணு பத்தல," என்றார் அவர், வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டே. "பேய்க்குப் புடவை இதுவே போதுமா, வெள்ளை வேணுமா?"

படப்பைக்குப் போகிற வழியில் யாரும் நிற்காத பழைய பஸ் நிறுத்தம் ஒன்றைப் பர்வீன் பார்த்து வைத்திருந்தாள். சிமெண்ட் பெஞ்சு, பாதி கூரை, பின்னால் ஏரி. ஏரியில் தண்ணீர் அசையவே இல்லை. சாலையில் ஒரகடம் பக்கம் போகும் லாரிகள் கடந்து போகும். போன பிறகு அந்த அமைதி முன்னைவிடப் பெரிதாக இருக்கும். தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து எழுந்த ஒரு சின்ன விமானம் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவு என் வேலை; ஹெட்போனில் அதைக் கேட்டால் யாரோ தூக்கத்தில் முனகுவது போல இருந்தது.

பெஞ்சில் உட்கார வேண்டிய பெண் வரவில்லை. காய்ச்சல் என்று குறுஞ்செய்தி. பர்வீன் என்னைப் பார்த்தாள். "நீங்க எப்படியும் ஹெட்போன் போட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? பாட்டு கேக்கற பொண்ணுன்னு வச்சிக்கலாம்." அப்படித்தான் நான் நடிகையானேன். ஒலிப்பதிவுக் கருவி என் மடியில், துப்பட்டாவுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. கேமராவோடு இக்பால் அண்ணனும் பர்வீனும் சாலையின் மறுபக்கம்.

முதல் தடவை சரோஜா அக்கா குடையோடு விறுவிறுவென்று வந்து, "கொஞ்சம் நவுந்து குந்துமா," என்றார்.

"அக்கா, எழுத்துக்கு எழுத்து!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பர்வீன் கத்தினாள்.

இரண்டாவது, "தள்ளிக் குந்துங்க." மூன்றாவது, "கொஞ்சம் தள்ளி... இன்னாது அது?" நான்காவது தடவை வசனம் சரியாக வந்தது. ஆனால் நடை பந்திக்கு இலை போடப் போகிற நடை. பேயைப் பார்த்துப் பயம் வரவில்லை, சாப்பாடு தயாராகிவிட்டது என்றுதான் தோன்றியது.

"இது சேஃப்டிக்கு இருக்கட்டும். இன்னொண்ணு, மெதுவா!" என்று பர்வீன் கை காட்டினாள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி போனதால் அக்காவுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் நான். அதனால் நான் சொன்னேன்:

"அக்கா, ஆறுதலா வந்து இருங்கோ."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரிமா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூரத்தில் புளியமரத்தடிக்குப் போனார்.

ஐந்தாவது தடவை அவர் வந்த விதம் வேறு. தரையில் ஏதோ தூங்குவது போல, அதை எழுப்பிவிடக் கூடாது என்பது போல வந்தார். குடையை மடக்கினார். நான் கேமரா பக்கம் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளில் ஒரு கை விழுந்தது. அது திட்டத்தில் இல்லை. ஹெட்போனில் வளையல்கள் ஒன்றோடொன்று உரசி அடங்குவதும், ஒரு நீண்ட மூச்சும் கேட்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் அந்த இடத்தைப் பார்க்கவில்லை; என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். யாரும் 'கட்' சொல்லவில்லை. விமானம்கூட எங்கோ இறங்கிவிட்டிருந்தது.

கடைசியில் பர்வீன்தான் சாலையைக் கடந்து வந்தாள். "அக்கா, டயலாக்?"

"இந்தப் பொண்ணுதானே சொல்லிச்சு, ஆறுதலா வந்து இருன்னு," என்றார் சரோஜா அக்கா. "சிலோன் பொண்ணு வாய விட்டுக் கேக்குதே, இன்னா கஷ்டமோன்னு நெனச்சேன். ஆறுதல் சொல்ல வந்தவ எவளாச்சும் நவுந்து குந்துன்னு சொல்லுவாளா?"

எங்கள் ஊரில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக, 'இருங்கோ' என்றால் உட்காருங்கள். மெதுவாக வந்து உட்காரச் சொன்னேன். அவர் ஆறுதலாக வந்து உடனிருந்தார். நான் இதை விளக்கியதும் இக்பால் அண்ணன் கேமராவைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். சரோஜா அக்கா சிரிக்கவில்லை. குடையை என் கையில் கொடுத்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

"ஊர்ல எல்லாரும் நல்லா கீறாங்களாமா?"

"இருக்கினம் அக்கா," என்றேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. படத்துக்கான குடை கேமராவுக்குக் குடையானது. முடிச்சூர் தாண்டும்போது வேன் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. இக்பால் அண்ணனை வேனோடு விட்டுவிட்டு நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். டேப்புகள் பிளாஸ்டிக் பையில், பை சரோஜா அக்காவின் மடியில். "இன்னாமா, கொழந்தையா தூங்குது? இப்படிப் புடிச்சிக்கினு வர்றீங்க," என்றார் நடத்துநர். கொழும்பு பஸ்ஸில் நடத்துநர் யாரோடும் இப்படிப் பேசமாட்டார். ஏறும்போதே பின்னால் போ என்று விரட்டுவதோடு சரி. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்து, கடைகளின் விளக்குகள் எல்லாம் நீளமாக உருகி ஓடிக்கொண்டிருந்தன. அன்று இரவு குரோம்பேட்டையில் மின்சாரம் இல்லை. வேறு வழியில்லாமல் நன்றாகத் தூங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் படம் முடிந்துவிட்டது. உண்மையாகவே முடிந்துவிட்டது. நான்காவது டேக், சரியான வசனம், குடை, பேய். ரெண்டரும் ஆகிவிட்டது. வேனை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு நம்பிக்கை இழந்து வந்த இக்பால் அண்ணன், "ஆறு மணி நேரம் முன்னாடியா! பிரியாணி சொல்லட்டா?" என்றார்.

பிரியாணி வந்தது. சாப்பிட்டுக்கொண்டே பர்வீன் ஐந்தாவது டேக்கை ஓட விட்டாள். ஒரு கையில் கோழித்துண்டு, இன்னொரு கையில் மவுஸ். பிறகு கோழித்துண்டைக் கீழே வைத்தாள்.

"தர்ஷினி, உங்க மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். கை விழுந்ததும் அந்தப் பெண் திரும்பவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுவது தெரிந்தது. பார்த்துப் பார்த்துப் பழகிய என் முகத்துக்கு அப்படி ஒரு அசைவு உண்டென்று எனக்குத் தெரியாது.

"நாலாவது ஒரு படம். இது வேற," என்றாள். "ஆனா வசனம் இல்லையே. இதைப் போட்டா சேத்துக்கவே மாட்டாங்க."

நேரம் இரண்டு. முடிந்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு. அவள் கடிகாரத்தைக் கழற்றிக் கணினியின் மேல் வைத்தாள். "அக்காவுக்கு ஃபோன் போடுங்க," என்றாள்.

சரோஜா அக்கா பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். கைப்பேசியின் ஸ்பீக்கரைப் போட்டு அதன் முன்னால் மைக்கை வைத்தேன். பின்னணியில் நாதஸ்வரம், பாத்திரங்கள், யாரோ 'ரசம், ரசம்' என்று கூவுவது. முதலில், "நவுந்து..." என்று ஆரம்பித்து அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பக்கத்தில் யாரையோ, "கொஞ்சம் சும்மா இருடா, நடிச்சிக்கினு இருக்கேன் இல்ல," என்று அதட்டினார். பிறகு வந்தது, எழுத்துக்கு எழுத்து, மிக மெல்லிய குரலில்: "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தொலைபேசிக் குரல் மெலிந்து, தூரத்திலிருந்து, ஒரு கல்யாணத்தின் நடுவிலிருந்து வருவது போல இருந்தது. நாங்கள் அதைச் சுத்தம் செய்யவில்லை. காலி பெஞ்சுக்கும் ஏரிக்கும் மேல் முதலில் அந்தக் குரல். அதன் பிறகு கை.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டேப்பில் பதிய வேண்டியதுதான் மிச்சம். நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்த இக்பால் அண்ணன் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். தான் எடுத்த எதையும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பர்வீன் சொல்லியிருந்தாள். படம் முடிந்த பிறகும் அவர் நகரவில்லை.

"கைய எடுக்கறதுக்குள்ள வெட்டிட்டியே," என்றார். "இன்னும் ரெண்டு செகண்டு விடு."

"அண்ணா, ரெண்டு செகண்டுன்னா மறுபடி ரெண்டர். அரை மணி நேரம் ஆகும்."

"தாலி கட்டறப்ப பாதியில வெட்டிட்டுப் பூவைக் காட்டினா பொண்ணோட அப்பா விடுவானா? விடுன்னா விடு. அந்தக் கை தானா வெலகட்டும்."

பர்வீன் என்னைப் பார்த்தாள். நான் நோட்டில் எழுதினேன்: ரெண்டர் முப்பது, டேப் ஐந்து, ரயில் பத்து, நடை பத்து. கூட்டினால் ஐந்து ஐம்பது. எழுதிய தாளை அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் படிக்காமலே இரண்டு விநாடிகளைச் சேர்த்தாள்.

என் கணக்கில் விட்டுப்போனது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று இக்பால் அண்ணன் சொன்னது வேலை நாள் கணக்கு. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எப்போதும் கல்யாணத்தில் இருப்பவர். குரோம்பேட்டை நடைமேடையில் முறுக்கு தின்றுகொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "சண்டே வண்டி கம்மி சார். பொறுமையா வரும்." வெயில் தாழ்ந்து தண்டவாளம் தங்க நிறமாகியிருந்தது. ரயில் சத்தம் கேட்டபோது நான் கடலைத் தேடித் திரும்பாமல், முதல் தடவையாக, ரயிலையே பார்த்தேன்.

தாம்பரத்தில் படியேறி, இறங்கி, ஓடினோம். கூட்டத்தில் எங்களுக்கு முன்னால் இக்பால் அண்ணன், "வழி விடுங்க, வழி விடுங்க," என்று முகூர்த்தத்துக்கு ஓடுகிற மாதிரி ஓடினார். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஆறு மணி நான்கு நிமிடம்.

"ரெண்டு செகண்டு சார்," என்றார் இக்பால் அண்ணன், மூச்சு வாங்க.

"நாலு நிமிஷம் சார்."

"அது இல்ல சார். லேட்டு என்னாலதான். பொண்ணு பன்னெண்டு மணிக்கே முடிச்சிட்டா. வேணும்னா எழுதித் தரேன்."

எழுதித் தரச் சொல்லவில்லை. டேப்பின் மேல் 'போட்டிக்கு வெளியே' என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். பர்வீன் அந்தச் சீட்டின் ஓரத்தை விரலால் அழுத்தி நன்றாக ஒட்டிக்கொடுத்தாள்.

ஏழு மணிக்குத் திரையிடல். ஒவ்வொரு படத்திலும் அதே வசனம். ரயிலில், கோயிலில், சலூனில், ஒன்றில் நிலாவில்கூட யாரோ யாரையோ தள்ளி உட்காரச் சொன்னார்கள். ஐந்தாறு படத்துக்குப் பிறகு அரங்கமே திரையோடு சேர்ந்து சொல்லத் தொடங்கியது. விசில், கைத்தட்டல். எங்கள் படம் எல்லாவற்றுக்கும் கடைசி. ஏரி தெரிந்தது, பெஞ்சு தெரிந்தது. நாதஸ்வரத்துக்கு நடுவிலிருந்து அந்தக் குரல் வந்ததும் வழக்கம்போல ஒரு கூட்டம் கூடவே கத்தியது. பிறகு அந்தக் கை வந்து தோளில் விழுந்தது. கத்தியவர்கள் பாதியில் நின்றார்கள். வளையல் சத்தம் அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அந்த இரண்டு விநாடிகள் எவ்வளவு நீளம் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. கை தானாக விலகியது.

பரிசு நிலாவுக்குப் போன படத்துக்கு. நியாயமான பரிசு.

வெளியே வந்து ஸ்டேஷனை நோக்கி நடந்தோம். சாலையில் மழைத்தண்ணீர் இன்னும் தேங்கியிருந்தது; அதில் பழக்கடை விளக்குகள் மிதந்தன. பர்வீன் இரண்டு அடி முன்னால், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். இக்பால் அண்ணனின் கைப்பேசி அடித்தது. ஏதோ கல்யாண வீட்டுக்காரர்.

"சொல்லுங்க சார். ஐப்பசியிலயா? ஞாயித்துக்கிழமையா? கேமரா வரும் சார், நானே வரேன். ஆனா அன்னிக்கே எடிட் பண்ணிக் குடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை மிஷின் கெடையாது."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ரிப்பேர்லாம் இல்ல சார்," என்றார் இக்பால் அண்ணன், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக்கொண்டே. "தங்கச்சி படம் பண்ணுது."